கலாராணி இறக்கிய ஒன்பது கிலோ தொள்ளாயிரம் கிராம்

ஒரே ஒரு வாக்கியத்தால் ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து இருபது கிலோவை இறக்கியவள் நான். பதுளை பஸ்ஸில் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், டிக்கட் கிழிப்பதற்குள் இதைச் சொல்லிவிடுவேன். இருபது என்பது கொஞ்சம் கூடத்தான். உள்ளதைச் சொன்னால் பத்துக்கு நூறு கிராம் குறைவு. பஸ் குலுக்கலில் கிராம் கணக்கெல்லாம் யார் கேட்பார்கள்? ஆனால் ஒரே வாக்கியம் என்று சொன்னேனே, அதில் எள்ளளவும் மிகை கிடையாது.

அந்தப் பெண்ணின் பெயர் கலாராணி. வயது நாற்பத்தொன்று. நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கீழ் லயத்தின் பத்து அறை வரிசையில் எட்டாம் காம்பரா அவளுடையது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில், மழை பெய்தால் சத்தமாகவும் வெயில் அடித்தால் மெதுவாகவும் வாய்ப்பாடு சொன்ன பிள்ளை. பதினாலு வருடம் மலையில் கொழுந்து எடுத்தாள். முழங்கால் வீங்கத் தொடங்கியதும் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். தாய்மார் மலைக்குப் போனபின் முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உட்கார்ந்த இடத்து வேலை. அதோடு, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கும் சோற்றை வீச அவளுக்கு மனம் வராது. முப்பது தட்டு மிச்சம் என்றால் யோசித்துப் பாருங்கள். புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதம் ஒருதரம் வருவான். ஒரே மகள் சிவசக்தி, உயர்தரம் படிக்கிறாள்.

துஷாந்த் அவளுடைய தம்பி. தாய் தகப்பன் போனபின் அவள்தான் வளர்த்தாள். வெலிமடையிலிருந்து கோவாவும் லீக்ஸுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு லொறி ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, மாலை பஸ்ஸில் அடுத்த தோட்டத்தில் இருக்கும் பெண்டாட்டி வீட்டுக்குத் திரும்புவான்.

ஜூலை மாதம், கலாராணியின் ரத்தம் அவனுக்குச் சேரும் என்று சொன்னார்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் அந்த நிமிடமே சொன்னாள். டாக்டர் அவளைத் தராசில் ஏறச் சொன்னார். எண்பத்து நாலு கிலோ அறுநூறு. அவர் எண்ணைப் பார்த்தார், அவளுடைய உயரத்தைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார்.

"இந்த எடைல எடுக்க ஏலாதும்மா. உங்களுக்கே ஆபத்து. எழுபத்தஞ்சுக்குக் கீழ வாங்க. டிசம்பர் மூணாம் தேதி திரும்ப நிறுத்துப் பாப்போம்."

"வராட்டி, டாக்டர்?"

"பிறகு ஏப்ரல்லதான்."

ஏப்ரல் வரை தம்பி தாங்குவானா என்று அவள் கேட்கவில்லை. துணைக்குப் போன நான், தேதி எழுதிய துண்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிவசக்தி போனைத் தூக்கினாள். அதில் ஒரு பெண் கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் நின்றுகொண்டு, வீட்டை விட்டு வெளியே போகாமல் இருபத்தொரு நாளில் பத்துக் கிலோ என்றாள். துள்ள வேண்டும். துள்ளிக் காலை அகட்டி, கையைத் தட்டி, திரும்பத் துள்ள வேண்டும். அவளுக்கென்ன, கீழே ரப்பர் விரிப்பு. லயத்துக் காம்பராவில் பன்னிரண்டடிக்குப் பத்தடி சிமெந்துத் தரை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வேலாயியின் அடுப்படி, மேலே தகரம்.

மூன்றாம் நாள் காலை, விடியாத மழையில், கலாராணி துள்ளினாள். தகரம் கடகடத்தது. வேலாயியின் சுவர்த் தட்டிலிருந்து பித்தளைச் சொம்பு உருண்டு விழுந்தது. எங்கள் பக்கம் மழை நாளில் தரை அதிர்ந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். பத்துக் காம்பராவும் காலியாகிப் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றன. கடைசியாக, வியர்க்க விறுவிறுக்க, ஒன்றும் தெரியாமல் வெளியே வந்தவள் கலாராணி.

"எல்லாரும் எங்க போறீங்க?"

"மண்ணு சரியுதுடி!" என்றாள் வேலாயி, இடுப்பில் ஒரு பேரனோடு.

"எங்க?"

"நம்ம வீட்டுக்குள்ளதாம்மா!" என்று சிவசக்தியே உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றோடு துள்ளல் நின்றது.

பிறகு வந்தது வெறும் வயிற்றில் வினிகர். தொண்டை எரிந்து இரண்டு நாள் பேச முடியவில்லை. அதன் பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி. முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியாக வேர்வைப் பட்டி. பதுளை பஜாரில் லத்தீப் நானாவின் கடையில் வாங்கிய கறுப்பு ரப்பர் பட்டி, இடுப்பில் இறுக்கிக் கட்டினால் கொழுப்பு உருகி ஓடும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை அதைக் கடித்துப் பார்த்துவிட்டு அழுதது. உருகி ஓடியது அந்த ஒன்றின் கண்ணீர் மட்டும்தான்.

சின்னச் சின்னதாக எல்லாவற்றையும் அவள் செய்தாள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஆனால் ராத்திரி துஷாந்தை நினைத்துவிட்டால் பயம் வரும். பயம் வந்தால் கை ரொட்டித் தட்டுக்குப் போகும். தம்பியை நினைத்து எடையைக் குறை என்று ஊரே சொன்னது. நினைத்ததனால்தான் தின்றாள்.

எடை பார்ப்பதுதான் அடுத்த பிரச்சினை. வீட்டுக்குள் தராசு வைத்திருப்பவர் எங்கள் லயத்தில் யார்? ஆனால் தோட்டத்தில் தராசு இல்லாமல் ஒரு நாளும் விடிந்து அடைவதில்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், உத்தரத்தில் தொங்கும் மின்சாரத் தராசு. சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்ததும், சாக்குத் துணியில் தொட்டில் போலக் கட்டி, கலாராணியை அதில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டுவோம். நிறுவை பார்க்கும் ரஜீவ், புதிதாக வந்த பையன் என்றாலும் மரியாதை தெரிந்தவன், அவள் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான். எண்ணை மட்டும் சத்தமாக வாசிப்பான்.

முதல் சனிக்கிழமை எண்பத்து மூன்று அறுநூறு என்று காட்டியது. ஆஸ்பத்திரித் தராசைவிட ஒரு கிலோ குறைவு.

"ஏன் டீச்சர்?" என்றாள் கலாராணி.

"ஆஸ்பத்திரித் தராசு சீலை, செருப்பு, பயம் எல்லாத்தையும் சேத்து நிறுக்கும்" என்றேன். சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

செப்டம்பர் நடுப்பகுதி வந்தும் அந்தத் தராசு எண்பத்திரண்டு அறுநூறில் நின்றது. இரண்டரை மாதத்தில் ஒரே ஒரு கிலோ. டிசம்பருக்கு இன்னும் பதினோரு வாரம். அன்று சாயந்தரம் என் வாசலில் உட்கார்ந்து, "எனக்கு முடியாது டீச்சர், தம்பிக்கு நான் ஒதவ மாட்டேன்" என்று அழுதாள். அழும்போதும் ஒரு மசாலா வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அடியே, ஒன் கிட்னி துஷாந்துக்குள்ள போய், அங்கயும் ஒன்ன மாதிரியே படி ஏற மாட்டேன்னு குந்திக்கிச்சுன்னா அவன் என்னடி பண்ணுவான்?"

வடை அந்தரத்தில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். வடையைத் தட்டில் வைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனாள்.

மறுநாள் மாலை நாலரைக்கு, கலாராணி வெள்ளைப்பாறைக்கு ஏறத் தொடங்கினாள். கீழ் லயத்திலிருந்து தேயிலைக்கு நடுவே செங்குத்தாகப் போகும் கருங்கல் படிகள், முன்னூற்றுப் பன்னிரண்டு. உச்சியில் ஒரு பெரிய வெள்ளைப் பாறை. அதற்கு நேர் கீழே, மலையைச் சுற்றிவரும் பெரிய ரோட்டின் கொண்டை ஊசி வளைவு. முதல் நாள் அறுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். பத்தாம் நாள் பாறையைத் தொட்டாள். மழையோ பனியோ, தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு நாலரைக்குக் கிளம்பிவிடுவாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஓட்டமும் நடையுமாகப் போவாள். அம்மனுக்கு உகந்த நாட்கள் ஆயிற்றே, உச்சியில் எதையோ நேர்ந்துகொண்டாள் போலும் என்று நினைத்தேன். சில நாள் இறங்கும்போது பாட்டு வரும். சில நாள் முகம் கறுத்திருக்கும். என் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

தராசும் இறங்கியது. எண்பத்தொன்று, எண்பது. ஒக்டோபர் பத்தொன்பதாம் தேதி எழுபத்தொன்பது நானூறு. அடுத்த வாரம் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை ரஜீவ் வாசித்தான்:

"எழுபத்தாறு அறுநூறு."

ஒரே வாரத்தில் இரண்டு கிலோ எண்ணூறு! தொட்டிலில் தொங்கிக்கொண்டே கலாராணி கையைத் தட்டினாள். நானும் தட்டினேன். தீபாவளிக்கு அவள் நாலு அதிரசம் தின்றாள். தின்னட்டும் என்று ஐந்தாவதை எடுத்துக் கொடுத்தது நான். நவம்பர் ஒன்பதாம் தேதி எழுபத்தைந்து அறுநூறு. இன்னும் அறுநூறு கிராம்தான், இருபத்துநாலு நாள் கையில் இருக்கிறது. துஷாந்துக்குப் போன் போட்டு, "ரெடியா இருடா" என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை இருவரும் பதுளை பஜாருக்குப் போனோம். லத்தீப் நானா கடை வாசலில், உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு கிடந்தது.

"நானா, ஒங்க பட்டி ஒண்ணுக்கும் ஒதவல்ல. ஆனா பாருங்க, நான் எம்புட்டுக் கொறைஞ்சிருக்கேன்னு!" என்று சொல்லி, கலாராணி நாலு பேர் பார்க்கத் தராசில் ஏறினாள்.

எழுபத்தெட்டு அறுநூறு.

"நானா, ஒங்க தராசு பொய் சொல்லுது."

"தங்கச்சி, என்ட தராசு பொய் சொன்னா எனக்கு இந்த பஜார்ல எடம் ஈக்கா?" லத்தீப் நானா இருபது கிலோக் கல்லைத் தூக்கி வைத்தார். இருபது. இரண்டு கல் வைத்தார். நாற்பது. கலாராணி திரும்ப ஏறினாள். எழுபத்தெட்டு அறுநூறு.

சரியாக மூன்று கிலோ. அந்த மூன்றைக் கேட்டதும் எனக்கு மடுவத்துத் தராசு ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதே நேரத்தில் வந்தது. முகத்தில் தெரிந்தது.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். எங்கள் மடுவத்தில் அதைத் தராசிலேயே காலையில் கழித்து வைத்துவிடுவார்கள். வெயில் காலத்தில் ஒரு கிலோ. மழை தொடங்கினால் மூன்று. பதினாலு வருடம், ஒவ்வொரு மாலையும் மடுவத்தில் நின்று அந்தக் கழிவுக்காகக் கத்தியவள் கலாராணி. அவளுடைய வகுப்பில் கழித்தலைச் சொல்லிக்கொடுத்தவள் நான். கொழுந்தில் கழித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்குச் சாதகமாக நம் உடம்பிலேயே கழித்தால் யாருக்குத் தெரிகிறது?

திரும்பி வந்ததும் நேரே மடுவத்துக்குப் போனோம். அந்த மூன்று கிலோவை ஏன் சொல்லவில்லை என்று ரஜீவிடம் கேட்டேன்.

"அக்காவுக்குத் தெரியும்னு நெனச்சேங்க. பதினாலு வருசம் மலையில நின்னவங்க. வீட்டுல போய்க் கூட்டிக்குவாங்கன்னு நெனச்சேன்."

அவனைத் திட்ட முடியவில்லை. மூன்று கிலோ அறுநூறு கிராமுக்கு மேல் இறக்க வேண்டும், இருபது நாளில். கலாராணி மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெடியா இருன்னு சொல்லிட்டேனே டீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்தாள். சாப்பாட்டையும் குறைத்தாள் என்று நினைத்தேன். குறைக்கவில்லை, நிறுத்திவிட்டாள். காலையில் வெறும் தேத்தண்ணி, மாலையில் வெறும் தேத்தண்ணி. போனில் இன்னொரு பெண் ஐந்து நாள் தண்ணீர் விரதம் என்று சொன்னாளாம். அதன் மேல் பேதி மாத்திரை. இடுப்பில் திரும்பவும் அந்த ரப்பர் பட்டி. அதோடு படியும் ஏறினாள். சிவசக்தி வந்து, "டீச்சர், அம்மா எங்கிட்டப் பொய் சொல்றாங்க, சோத்த நாய்க்கு வைக்கிறாங்க" என்று சொன்ன அன்று வெள்ளிக்கிழமை, நவம்பர் இருபத்திரண்டு. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. மழை. மேலே படியில் சிவப்புக் குல்லா தெரியவில்லை.

ரஜீவும் சிவசக்தியும் டோர்ச் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். நான் முதல் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். இருநூற்று நாற்பதாவது படிக்குப் பக்கத்தில், தேயிலைச் செடிக்குள் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாளாம். காலில் அட்டைகள் ஏறியிருந்தன. குல்லா கீழே எங்கோ உருண்டுவிட்டது. தூக்கியதும் கண்ணைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"பஸ் போயிருச்சா?"

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பஸ் கேட்கிறாள் என்று நினைத்து, "வேன் பேசலாம்க்கா" என்றானாம் ரஜீவ். அவள் கண்ணை மூடிக்கொண்டாளாம்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா சேலைன் ஏற்றினார். குரலை உயர்த்தாத மனுஷர். அன்று உயர்த்தினார்.

"கலாராணி, இப்பிடிப் பட்டினி கெடந்து, பேதிக்குத் தின்னு எடைய எறக்கினா, ரத்தமும் மூத்திரமும் காட்டிக் குடுத்துரும். அப்ப எடைக்காக வேணாம்னு சொல்ல மாட்டாங்க. கிட்னியே வேணாம்னு சொல்லிருவாங்க. வெளங்குதா? திரும்ப ஏப்ரல்கூடக் கெடையாது."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தின்றால் எடை. தின்னாவிட்டால் கிட்னி. இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் பதினொரு நாள். நான் அவளுடைய காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவளே கேட்டாள்: "அய்யா, என்ன சாப்பிடலாம், எவ்வளவு? ஒரு துண்டுல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அவித்த கடலை, கீரை, ஒரு கைப்பிடிச் சிவப்பரிசிச் சோறு, முட்டை, மோர். சீனியும் மாவும் கூடாது. பிள்ளைக்காம்பராவில் மிச்சத் தட்டுகளைக் கழுவும் வேலையை வேறொருத்தியிடம் மாற்றிக்கொண்டாள். இரண்டு நாள் ஓய்வு. பிறகு காலை ஒருதரம், மாலை ஒருதரம், மெதுவாகப் படி. போனிலிருந்த அந்தப் பெண்கள் எல்லாரையும் சிவசக்தி அழித்துவிட்டாள். ரஜீவ் சனிக்கிழமை தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் தொட்டிலை மாட்டினான்.

எழுபத்தைந்து நானூறு. இன்னும் மூன்று நாள்.

டிசம்பர் மூன்று, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை பஸ்ஸில் நனைந்துகொண்டு போய் இறங்கினோம். துஷாந்தின் மெஷின் நாளும் அதுதான். கீழ் மாடியில் அவன் கையில் குழாயோடு படுத்திருந்தான். கலாராணி போய்ப் பார்க்கவில்லை. "நிறுத்துட்டுப் போறேன்" என்றாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒன்பது பேர். கையிலிருந்த வளையலைக் கழற்றி என்னிடம் தந்தாள். தோட்டைக் கழற்றினாள். கொண்டையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூக்குத்திக்குக் கை போனபோது, "அதுல என்னடி இருக்கு?" என்றேன்.

"என்னவோ இருக்குந்தானே டீச்சர்."

செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள்.

எழுபத்தைந்து முன்னூறு.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். கலாராணி கண்ணைத் திறந்தாள், எண்ணைப் பார்த்தாள், இறங்காமல் நின்றாள். பின்னால் யாரோ நகரச் சொன்னார்கள். நர்ஸ், நேராக நில்லுங்கள் என்பதுபோல அவள் இடுப்பைத் தொட்டாள். தொட்டவள் கையை எடுக்கவில்லை. விரலை மடக்கித் தட்டினாள். தொப், தொப்.

"என்ன இது?"

கலாராணி குனிந்து பார்த்தாள். சேலைக்குள் லத்தீப் நானாவின் பட்டி. கடைசி நானூறு கிராமுக்காக மூன்று நாளாகக் கட்டியிருந்தாள். கழற்றாமல் கழற்றாமல், இருப்பதே மறந்துவிட்டது. திரைக்குப் பின்னால் ஓடினாள். வேர்வையும் காலை மழையும் குடித்துக் கனத்துப் போயிருந்த அந்தக் கறுப்புச் சனியனை என் மடியில் எறிந்துவிட்டு வந்து ஏறினாள்.

எழுபத்து நாலு எழுநூறு.

அந்தப் பட்டி வாங்கிய நாளிலிருந்து அன்றுதான் உருப்படியாக எடை குறைத்தது, கழற்றிய நேரத்தில். நர்ஸ் எழுதினாள். கலாராணி தராசிலிருந்து இறங்கி, தலைமயிர் முதுகில் விரிந்து கிடக்க, வெறுங்காலோடு படியில் இறங்கிக் கீழ் மாடிக்கு ஓடினாள். அவளுடைய செருப்பையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவதற்குள், அக்காளும் தம்பியும் பேச வேண்டியதைப் பேசி முடித்திருந்தார்கள்.

மற்றச் சோதனைகளும் தேறின. பெப்ரவரியில் ஒப்பரேஷன். இப்போது ஆறாவது மாதம். துஷாந்த் பக்கத்து ஊருக்கு மட்டும் லொறி ஓட்டுகிறான். கலாராணியின் எடை எழுபத்து மூன்று, லத்தீப் நானாவின் தராசில். ஆக, ஒரு வாக்கியம், அதிலிருந்து கோபம், கோபத்திலிருந்து படி, படியிலிருந்து ஒன்பது கிலோ தொள்ளாயிரம்.

இவ்வளவையும் எழுதி, நேற்றுச் சாயந்தரம் என் வீட்டு மேசையில் வைத்து அக்காளுக்கும் தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். துஷாந்த் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டே, மண்சரிவு வந்த இடத்தில் சிரித்தான். கலாராணி கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரிதாங்க டீச்சர். அந்த வாக்கியம் மட்டும் தப்பு."

"நான் சொல்லலன்னு சொல்றியா?"

"சொன்னீங்க. கோவமும் வந்துச்சு. ஆனா ராத்திரி சோறு திங்கும்போதே அது போயிருச்சு." தம்பியைப் பார்க்காமல், மேசைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "போன் போட்டுக் கேட்டா, 'நல்லாத்தான் இருக்கேன்க்கா'ன்னுதான் எப்பவும் சொல்லுவான். பொய்யா நெசமான்னு எனக்குத் தெரியணும். செவ்வாயும் வெள்ளியும் அஞ்சே காலுக்கு அவன் பஸ்ஸு வெள்ளப்பாறைக்குக் கீழ வளையும். இடது பக்கம் மூணாவது ஜன்னல்ல இருப்பான். தல நேரா இருந்தா அன்னிக்குப் பரவால்லன்னு எறங்குவேன். கம்பியில சாஞ்சிருந்தா..." நிறுத்திக்கொண்டாள். "மத்த நாளெல்லாம் ஏறிப் பழகினது, அந்த ரெண்டு நாளும் பஸ்ஸுக்கு முந்திப் போய் நிக்கத்தான். எடை கொறைஞ்சது அதுல கெடச்சது."

நான் பேனாவைத் தேடினேன். துஷாந்த் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினான்.

"மூணாவது இல்லக்கா, நாலாவது" என்றான். "மூணாவது ஜன்னல் தெறக்காது. தெறந்து தலைய நீட்டினாத்தானே, பாறை மேல ஒன் செவப்புக் குல்லா தெரியும்."